சும்மாட்டுக்கு மகுடத் தீர்வை

முன்னொரு காலத்தில், கடல் தொடுகிற கரையெல்லாம் தன்னுடையதே என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு ராஜா இருந்தார். மகுடேசுவர மகாராஜா என்று பெயர். கெட்டவர் இல்லை. அவருக்கு வருகிற கோபம் ஒரு தாம்பூலம் மென்று துப்புகிற நேரத்துக்கு மேல் தங்காது. ஆனால் அந்த நேரத்துக்குள் ஒரு சட்டம் போட்டுவிடுவார். கோபம் போய்விடும், சட்டம் தங்கிவிடும்.

அப்படி ஒருநாள் அயல்நாட்டுக் கப்பல் தலைவன் ஒருவன் சபைக்கு வந்தான். அவன் தலையில் உரலைக் கவிழ்த்தாற்போல ஒரு தொப்பி. தொப்பியின் உச்சியில் நீளமாய் ஓர் இறகு. அவன் குனிந்து வணங்கியபோது அந்த இறகு மகாராஜாவின் மூக்குக்குள் போய்விட்டது. மகாராஜா தும்மினார். தும்மிய வேகத்தில் மகுடம் சரிந்து காதில் வந்து தொங்கியது. சபையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. பிச்சாண்டி மட்டும் சிரித்தான். சிரிக்கவும் சிரிக்கவைக்கவும்தான் அவனுக்கு அந்தச் சபையில் ஓர் இடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

மகாராஜாவுக்கு வந்ததே கோபம்!

"இனிமேல் கப்பலில் வருகிற உடுப்பு எதுவானாலும், உடம்பில் அது உட்காரும் இடத்தைப் பார்த்துத் தீர்வை போடுங்கள்! காலில் கிடப்பதற்குத் தீர்வை வேண்டாம், போகட்டும். இடுப்பில் கட்டுவதற்குப் பத்தில் ஒன்று. தோளில் போடுவதற்கு நாலில் ஒன்று. தலைக்கு ஏறுகிறதா? அது என் மகுடத்தோடு போட்டி போட வருகிறது. அதில் பாதியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்! அதற்கு மகுட வகை என்றே பெயர் வையுங்கள்!"

தீர்வை காசாக இல்லை, துணியாகவே. பத்து வேட்டி வந்தால் ஒரு வேட்டி அரண்மனைக்கு. பத்துத் தலைப்பாகை வந்தால் ஐந்து அரண்மனைக்கு. மகாராஜா மகுடத்தை நேராக வைத்துக்கொண்டு அடுத்த காரியத்துக்குப் போய்விட்டார். தொப்பிக்காரக் கப்பல் தலைவன் அன்றே பாய் விரித்துப் போய்விட்டான். சட்டம் மட்டும் துறைமுகத்துச் சுங்கச் சாவடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அங்கே சுங்க நாயகமாக இருந்தவர் வேங்கடராயர். எந்தத் துணி எந்த வகை என்று சொல்கிற அதிகாரம் அவருடையது. ஒரு துணியைக் கையால் தொட்டுப் பார்க்க மாட்டார். துணி கொண்டுவந்த ஆளின் முகத்தைப் பார்ப்பார். அதுவே போதும் அவருக்கு.

பிச்சாண்டிக்கு ஒரு பழக்கம். சபை இல்லாத நாளில் துறைமுகத்துக்குப் போவான். பல தேசத்து மாலுமிகளும் அங்கே சுமை இறக்கும்போது ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். புதிதாய் நாலு வசவு கற்றுக்கொண்டு வருவான். சபையில் அதைத் துவைத்துக் காயவைத்து நாகரிகமாய் எடுத்துவிடுவான். ஐப்பசி மழைக்கு மேகம் கூடிக்கொண்டிருந்த ஒரு காலையில் அப்படித்தான் போனான். போன இடத்தில் வசவு கற்றுக்கொள்ளவில்லை. கற்றதையெல்லாம் செலவழிக்க வேண்டிய காட்சியைத்தான் பார்த்தான்.

சாவடியில் முதலில் ஒரு பட்டு வியாபாரியின் பெட்டிகள் இறங்கின. திறந்தால் கண்ணைப் பறிக்கிற ஜரிகைச் சால்வைகள். ராயர் எழுந்து நின்றே வரவேற்றார்.

"இது தோள் வகைதானே, நாயகமே?" என்று சாவடிக் கணக்கு எழுதுகிற எழுத்தன் கேட்டான்.

"மடையா! மகாராஜாவின் முன்னால் எவனாவது தோளில் துணி போட்டு நிற்பானா? அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கைகட்டி நிற்பதல்லவா மரியாதை? ஆகவே இது இடுப்பு வகை" என்றார் ராயர்.

அடுத்த பெட்டியில் தங்கக்கரை போட்ட தலைப்பாகைகள். எழுத்தன் வாயைத் திறக்கவே பயந்தான்.

"பெரிய மனிதர்கள் படுக்கும்போது தலைப்பாகையைக் கழற்றி எங்கே வைப்பார்கள்? கால்மாட்டில். எழுது, கால் வகை. தீர்வை இல்லை."

வியாபாரி சிரித்தபடி ஒரு சால்வையை எடுத்து ராயர் தோளில் போர்த்திவிட்டுப் போனான். பிச்சாண்டிக்கும் சிரிப்பு வந்தது. திருட்டுத்தனத்திலும் ஒரு கற்பனை இருக்கிறதே என்று நினைத்தான். அந்தச் சிரிப்பு அடுத்த பொதி வரும்வரைதான்.

அடுத்தது ஒரே ஒரு பொதி. வெளியே உப்பளத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், தலையில் உப்புக்கூடையோடு வந்து நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவள் இசக்கி. அளத்தில் வேலை செய்கிற நாற்பது பெண்களுக்கும் அவள்தான் மேஸ்திரி மாதிரி. ஒரு கோடை முழுக்க ஆளுக்குக் கொஞ்சமாய் உப்புச் சேர்த்து, அக்கரைத் தீவுக்குப் போகிற தோணியில் ஏற்றி, அதற்கு மாற்றாய் நாற்பது தீவுத் துப்பட்டி வாங்கி வரச் சொல்லியிருந்தாள். முரட்டுத் துணி. மாட்டுத்தோல் மாதிரிக் கனம். ஆனால் மழைத்தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காது.

மழை பிடித்துக்கொண்டால் உப்பளத்தில் வேறு வேலை கிடையாது. அளத்தில் குவித்துக் கிடக்கிற உப்பு கரைந்து போகுமுன் மேட்டுக் கிடங்குக்குச் சுமந்து ஏற்ற வேண்டும். கொட்டுகிற மழையில், நனைந்துகொண்டே. போன மழையில் அப்படிச் சுமந்த இரண்டு பெண்களைச் சுரம் கொண்டுபோய்விட்டது. அதில் ஒருத்தி இசக்கியின் தங்கை.

ராயர் அந்தப் பொதியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். உட்கார வசதியாகத்தான் இருந்தது. வெற்றிலையை மடித்தபடி கேட்டார்.

"இந்தத் துணியை வைத்து என்ன செய்வீர்கள்?"

இசக்கிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதைவிட, இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது என்றே தெரியாது.

"மழைக்குப் போர்த்துவோம் சாமி. ராவுக்கு விரிச்சுப் படுப்போம். பிள்ளைக்குத் தூளி கட்டுவோம். சுமை தூக்கையில சுருட்டித் தலையில சும்மாடு கூட்டுவோம்."

"நிறுத்து!" என்றார் ராயர். "தலையில் என்றாயே, என்னது?"

"சும்மாடு சாமி. கூடை தலையை அறுக்காம இருக்க."

"எழுதிக்கொள். தலைக்கு ஏறுகிற துணி. மகுட வகை. நாற்பதில் இருபது அரண்மனைக்கு."

எழுத்தன் சுண்ணாம்பால் பொதியின் பக்கத்தில் 'மகுடம்' என்று எழுதினான். ராயர் எழுந்து இடம்கூட விடவில்லை.

இசக்கி பின்னால் நின்ற பெண்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இருபது பேரு போர்த்திக்கிடுவோம். மத்த இருபது பேரு யாருன்னு சாமியே சொல்லிருங்க. எவளை நனையவிட? புள்ளைத்தாய்ச்சி ரெண்டு பேரு இருக்கா, அவளையா? கிழவி ஒருத்தி இருக்கா, அவளையா?"

"அது உங்கள் பாடு. பாதிக்குச் சம்மதம் என்றால் மீதியை எடுத்துப் போ. இல்லையென்றால் பொதி இங்கேயே கிடக்கட்டும்."

"பாதிக்குச் சம்மதமில்லை" என்றாள் இசக்கி. "கிடக்கட்டும்."

பிச்சாண்டிக்கு உள்ளங்காலிலிருந்து பற்றி எரிந்தது. தங்கக்கரைத் தலைப்பாகை காலுக்குப் போயிற்று, சும்மாடு மகுடமாயிற்று! ஜரிகைச் சால்வை போர்த்திக்கொண்டு ஒருவன் இன்னொருத்தியின் மழைத்துணி மேல் உட்கார்ந்து வெற்றிலை மெல்கிறான்! நேராக அரண்மனைக்கு நடந்தான்.

சபை கூடியதும் மகாராஜா, "பிச்சாண்டி, இன்று என்ன கொண்டுவந்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

"இன்று விகடம் இல்லை, மகாராஜா. தங்கள் சட்டமே போதுமான அளவு விகடமாக இருக்கிறது" என்றான் பிச்சாண்டி. நடந்ததைச் சொன்னான். கோபத்தில் சொன்னதால் நன்றாகச் சொல்லவில்லை. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் வைத்தான், பின்னால் வைக்க வேண்டியதை முன்னால் கொட்டினான். அவனுடைய பேச்சுக்கு முதல்தடவையாக ஒருவரும் சிரிக்கவில்லை.

சபைக்கு வந்திருந்த வேங்கடராயர் தோளிலிருந்த புதுச் சால்வையை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, கைகட்டி முன்னால் வந்தார்.

"மகாராஜா, உடம்பில் நான்கு இடம். நான்கு இடத்துக்கும் தாங்கள் அளந்து தீர்வை வைத்தீர்கள். தலைக்கு ஏறுவதைத் தலை என்று எழுதினேன். இதில் என் குற்றம் என்ன? சட்டத்தில் ஓட்டை என்கிறாரே நம் விகடர், அப்படியானால் அந்த நான்கு இடமும் அல்லாத ஐந்தாவது இடம் ஒன்று இருக்க வேண்டும். நாளைக்கு அவரே அந்தத் துப்பட்டியில் ஒன்றை, தலையிலும் தோளிலும் இடுப்பிலும் காலிலும் உடுத்தாமல், வேறு எங்கேயாவது உடுத்திக்கொண்டு சபைக்கு வரட்டும். வேறு துணி உடம்பில் இருக்கக் கூடாது. அம்மணமாகவும் வரக் கூடாது."

சபை இப்போது சிரித்தது. ராயருக்கு வேண்டிய பிரபுக்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். மகாராஜாவுக்கும் இந்த விளையாட்டு பிடித்துப் போயிற்று.

"நல்ல யோசனை! பிச்சாண்டி, அப்படி வந்துவிட்டால் கேட்டதைத் தருகிறேன். வர முடியாவிட்டால் உனக்கு இந்தச் சபையில் இடம் இல்லை. அந்தப் பொதி முழுவதும் பறிமுதல். சம்மதமா?"

"சம்மதம்" என்று சொல்லிவிட்டான் பிச்சாண்டி. சொன்ன பிறகுதான் எதை வைத்துப் பந்தயம் கட்டினோம் என்று உறைத்தது. அவனுடைய இடத்தை வைத்தது சரி. நாற்பது துப்பட்டியை வைக்க அவன் யார்?

மகாராஜாவின் உத்தரவைக் காட்டிப் பொதியிலிருந்து ஒரே ஒரு துப்பட்டியை வாங்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போனான். இசக்கி முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, கையிலிருந்த உப்பு வாரும் பலகையை ஓசைப்பட வைத்தாள்.

"பாதியாவது மிஞ்சியிருக்கும். நீங்க போயி அதையும் வித்துட்டு வந்திருக்கீங்க. உங்க வாய்ச் சண்டைக்கு எங்க துணிதானா அகப்பட்டுச்சு? ஏன், உங்க தலைப்பாகையை வச்சு ஆட வேண்டியதுதானே சாமி?"

அரண்மனையில் எத்தனையோ பேர் பிச்சாண்டியைத் திட்டியிருக்கிறார்கள். ஒன்றும் தைத்ததில்லை. இது தைத்தது.

"தப்புதான் அம்மா" என்றான். "கோபத்தில் சொல்லிவிட்டேன்."

"கோபம் எங்களுக்கு வராதா? நாங்க என்ன எவன் வீட்டுத் துணியையாவது எடுத்து வீசுறோமா?"

சொல்லிக்கொண்டே அவள் இடதுகையால் பக்கத்தில் எதையோ ஆட்டினாள். கொட்டகையின் குறுக்குக் கழியில் ஒரு பழைய சேலை தூளியாகத் தொங்கியது. அதற்குள் அவள் பேரப்பிள்ளை, ஒரு நூல்கூட இல்லாமல், கை முஷ்டியை வாயில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கடல்காற்று ஈரமாய் வீசியது.

"பிள்ளைக்கு ஒன்றும் உடுத்தவில்லையே, குளிராதா?" என்று பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டான் பிச்சாண்டி.

"தூளிக்குள்ள கிடக்கிறவனுக்கு என்னத்துக்கு உடுப்பு? அதுக்குள்ளயே சுருண்டு கிடக்கான்."

பிச்சாண்டி தூளியைப் பார்த்தான். கழியைப் பார்த்தான். கையிலிருந்த முரட்டுத் துப்பட்டியை விரித்து நீளத்தைப் பார்த்தான். பிறகு இசக்கியிடம், "அம்மா, நாலு பேர் சேர்ந்தால் என் கனத்தைத் தூக்குவீர்களா?" என்று கேட்டான்.

இசக்கி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உப்பு மூட்டையைவிடவா நீங்க கனம்?" என்றாள்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. விகடர் அம்மணமாக வருவாரா, அல்லது ஊரைவிட்டே போய்விட்டாரா என்று பந்தயம் கட்டியிருந்தார்கள். வேங்கடராயர் முன்வரிசையில், சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டி, முகமெல்லாம் மலர்ந்து நின்றார்.

வாசலில் "வழி, வழி" என்று குரல் கேட்டது. நாலு பெண்கள் ஒரு நீளமான கழியைத் தோளில் வைத்துக்கொண்டு, பல்லக்குத் தூக்குகிறவர்கள் மாதிரி அடியெடுத்து வந்தார்கள். கழியில் தீவுத் துப்பட்டி தூளியாகத் தொங்கியது. தூளி கனத்து, தரையைத் தொடாத குறையாக ஆடியது. அதன் விளிம்பில் பிச்சாண்டியின் முகம் மட்டும் சந்திரன் மாதிரி எட்டிப் பார்த்தது.

"மகாராஜாவுக்கு வணக்கம். எழுந்து வணங்காததற்கு மன்னிக்க வேண்டும். எழுந்தால் சபைக்கு நல்லதல்ல."

மகாராஜா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அம்மணம்!" என்று கத்தினார் ராயர். "மகாராஜா, உள்ளே அம்மணமாகக் கிடக்கிறான்!"

"எங்கே, எது தெரிகிறது உங்களுக்கு? கழுத்துக்குக் கீழே ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள், நாயகமே. இந்தச் சபையிலேயே நன்றாகப் போர்த்திக்கொண்டிருப்பவன் நான்தான்."

"துணி தோளில் படுகிறது, இடுப்பில் படுகிறது, காலில் படுகிறது!"

"படுகிறது. பாயில் படுத்தால் பாயும்தான் படும். பாயை உடுத்தியிருக்கிறேன் என்பீரா? உடுத்தினால், ஆள் போகிற இடத்துக்குத் துணி வரும். இங்கே துணி போகிற இடத்துக்கு ஆள் போகிறேன். மகாராஜா, துணி என் மேல் இல்லை. நான்தான் துணியின் மேல் இருக்கிறேன்."

ராயர் விடவில்லை. "அப்படியானால் தூக்குகிறவர்கள் தோளில் இருக்கிறது. தோள் வகை!"

"அவர்கள் தோளில் இருப்பது கழி. இந்த ஊர் மரம், கப்பலில் வரவில்லை. துணி இருப்பது கழியில். கழிக்குத் தலை, தோள், இடுப்பு, கால் எது என்று நாயகம் முன்வந்து தொட்டுக் காட்டட்டும்."

மகாராஜா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஜெயித்தான்! பிச்சாண்டி ஜெயித்தான்!"

ஆனால் வேங்கடராயர் சுங்கச் சாவடியிலேயே நரைத்தவர். கைகட்டிக் குனிந்தபடி மெல்லச் சொன்னார்: "சரி, மகாராஜா. தூளியாகத் தொங்குகிற அந்த ஒரு துப்பட்டிக்குத் தீர்வை வேண்டாம். பொதியில் மீதி இருக்கிற முப்பத்தொன்பதைத் தூளியாகக் கட்ட அவ்வளவு பிள்ளைகளா இருக்கிறார்கள்? சும்மாடு கூட்டுவோம் என்று அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். அவையெல்லாம் தலைதான். மகுட வகைதான்."

சிரித்துக்கொண்டிருந்த மகாராஜா நிறுத்தினார். "அதுவும் நியாயமாகத்தானே படுகிறது?" என்றார்.

அந்த நேரத்தில் பிச்சாண்டிக்கு வந்த கோபம் முந்திய நாள் கோபத்தைவிடப் பெரிது. ஒரு மனிதன் அம்மணமாகத் துணிக்குள் சுருண்டு வந்து ஒரு நியாயத்தைக் காட்டியிருக்கிறான். இன்னொரு மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நாலு வாக்கியம் சொன்னதும் அந்த நியாயம் சாய்ந்துவிடுகிறது! கழியைத் தூக்கிக்கொண்டிருந்த இசக்கியின் முகத்தைப் பார்த்தான். அவள் மகாராஜாவைப் பார்க்கவில்லை. வெளியே கருத்துவந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிச்சாண்டி முந்திய நாள் செய்த தவறை இன்றைக்குச் செய்யவில்லை. கோபத்தை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டான்.

"ஒத்துக்கொள்கிறேன், மகாராஜா" என்றான் தூளிக்குள்ளிருந்தே. "நாயகம் சொல்வதுபோல் மகுடம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சந்தேகம் மட்டும். நம் ராஜ்ஜியத்தில் மகுடம் எத்தனை?"

"இது என்ன கேள்வி? ஒன்றே ஒன்று. என் தலையில் இருப்பது."

"அந்த மகுடத்தை எடுத்து ஒருவன் தரையில் போட்டால்?"

"தலை போகும்."

"தரையில் போட்டதோடு நில்லாமல், அதன் மேல் ஏறி உட்கார்ந்தால்?"

மகாராஜாவின் புருவம் நெரிந்தது. "எவன் அவன்?"

"பெயர் சொல்வதற்கு முன்னால் பொதியை வரவழைக்க வேண்டும்."

சாவடியிலிருந்து பொதியைத் தூக்கிவந்தார்கள். பக்கத்தில் சுண்ணாம்பில் 'மகுடம்' என்று கொட்டை எழுத்து. பொதியின் மேலே நடுவில், ஒரு பெரிய மனிதர் சௌகரியமாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏற்பட்ட பள்ளம். பள்ளத்தைச் சுற்றி வெற்றிலை எச்சில் சிவப்பு.

"நேற்றுச் சாவடியில் நாயகத்துக்கு இதுதான் ஆசனம். துறைமுகமே சாட்சி" என்றான் பிச்சாண்டி. "ராயரே, இப்போது தாங்களே சொல்லுங்கள். உள்ளே இருப்பது மகுடம் என்றால், மகாராஜாவுக்குத் தெரியாமல் இந்த நாட்டுக்குள் நாற்பது மகுடத்தை விட்டிருக்கிறீர்கள். விட்டதும் அல்லாமல் அதன் மேல் உட்கார்ந்து வெற்றிலை துப்பியிருக்கிறீர்கள். மகுடம் இல்லை என்றால், பாதித் துணியை எந்தச் சட்டத்தில் கேட்டீர்கள்?"

ராயரின் இடுப்புச் சால்வை நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது.

"மகா… மகாராஜா… அது மகுடம் இல்லை. வெறும் துணி. சும்மாடு. முரட்டுச் சும்மாடு."

"சத்தமாக, நாயகமே. வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டும்."

"சும்மாடு!" என்று அலறினார் ராயர்.

"நன்றி. இன்னொன்று, மகாராஜா. உடம்பில் ஐந்தாவது இடம் கிடையாது என்று நாயகம் நேற்று வாதாடினார். ஆனால் இந்தப் பொதியின் மேல் ஓர் இடத்தைப் பதித்து வைத்திருக்கிறார், பாருங்கள். அது தலையும் இல்லை, தோளும் இல்லை, இடுப்பும் இல்லை, காலும் இல்லை. தாங்கள் தீர்வை வைக்க மறந்த இடத்தை அவரே கண்டுபிடித்திருக்கிறார். அதற்காகவாவது அவர் தலையை விட்டுவிட வேண்டும்."

மகாராஜா பள்ளத்தைப் பார்த்தார். ராயரைப் பார்த்தார். மறுபடி பள்ளத்தைப் பார்த்தார். சிம்மாசனம் அதிரச் சிரித்தார். மகுடம் மறுபடி காதுக்கு இறங்கியது. இந்தத் தடவை அதற்காக எந்தச் சட்டமும் போடவில்லை.

"நாற்பதும் இந்தப் பெண்களுக்கே! ஒரு நூல் குறையக் கூடாது. பிச்சாண்டி, கேட்டதைத் தருவதாகச் சொன்னேன். கேள்!"

பிச்சாண்டி வாயைத் திறப்பதற்குள், கழிக்கு அடியிலிருந்து இசக்கி தணிந்த குரலில் முணுமுணுத்தாள்.

"அடுத்த பொதி வரும்போதும் நீங்க இப்படி அம்மணமா வந்து தொங்குவீங்களா சாமி?"

பிச்சாண்டி யோசித்தான். அவள் கேட்டது சரி. இன்றைக்கு மகாராஜாவுக்குச் சிரிப்பு வந்ததால் நியாயம் கிடைத்தது. அவருக்குப் பல்வலியாக இருந்திருந்தால்?

"மகாராஜா, எனக்குப் பொன் வேண்டாம். ஒரு சட்டம் வேண்டும்" என்றான். "சுங்கச் சாவடியில் எந்தத் துணியை எந்த வகை என்று நாயகம் சொல்கிறாரோ, அதில் ஒன்றை எடுத்து, அன்று பொழுது சாயும்வரை அவரே அப்படி உடுத்திக்கொண்டு நிற்க வேண்டும். கால் வகை என்றால் காலில். தலை வகை என்றால் தலையில். சும்மாட்டைத் தலை வகை என்றால், சும்மாட்டின் மேல் கூடையும் இருக்க வேண்டும். கூடையில் உப்பும் இருக்க வேண்டும்."

"ஆகா! அப்படியே ஆகட்டும்!" என்று கண்ணீர் வரச் சிரித்தார் மகாராஜா. "பழைய கணக்குக்கும் இது பொருந்தும். ராயரே, நீர் கட்டியிருக்கிற சால்வை இடுப்பு வகையில்தானே வந்தது? இனி அது உம்முடைய இடுப்பை விட்டு ஏறக் கூடாது. தெருவிலும் இடுப்பில்தான். வீட்டிலும் இடுப்பில்தான்."

அப்படியானால் வழியில் எதிர்ப்படுகிற எல்லோருக்கும், கீரை விற்கிறவளுக்கும் மாடு மேய்க்கிறவனுக்கும்கூட, ராயர் மரியாதை செய்கிற கோலத்திலேயே நடக்க வேண்டும். அது அவருக்குப் புரிந்தபோது முகம் போன போக்கைப் பார்த்து, முந்திய நாள் தொடையைத் தட்டிச் சிரித்த பிரபுக்களே இப்போதும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்றெல்லாம் அவர்களுக்குக் கணக்கு இல்லை.

"முதலில் உன்னை இந்தத் தூளியிலிருந்து இறக்க வேண்டுமே" என்று மகாராஜா தம் உள்ளறையிலிருந்து ஒரு தங்கக்கரைத் தலைப்பாகையைக் கொண்டுவரச் சொல்லிப் பரிசாக வீசினார். பிச்சாண்டி உள்ளேயே புரண்டு அதை இடுப்பில் சுற்றி, மீதியைத் தோளில் போட்டு, முனையைத் தலையில் முடிந்து, தரையில் புரளுகிற கரையை மிதித்தபடி இறங்கி நின்றான். ராயர் பக்கம் திரும்பி, "இது எந்த வகை, நாயகமே?" என்று கேட்டான். ராயர் தம் இடுப்புச் சால்வையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்து மேட்டில் நாற்பது பெண்களும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு உப்பை ஏற்றினார்கள். ஒருத்திக்கும் அந்த மழையில் சுரம் வரவில்லை.

மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த இன்னொரு நாள், தீவிலிருந்து மறுபடி ஒரு தோணி வந்தது. அளத்துப் பிள்ளைகளுக்கென்று சின்னத் துப்பட்டிகள், ஒரு பொதி. இசக்கி சாவடிக்கு வந்தாள். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் உப்புக்கூடை. கூடையை இறக்கி, வேங்கடராயரின் முன்னால் வைத்தாள்.

"என்ன வகைன்னு சொல்லுங்க சாமி. கூடை தயாரா இருக்கு."

ராயர் பொதியைப் பார்த்தார். இந்தத் தடவை அதன் மேல் உட்காரவில்லை. கூடையைப் பார்த்தார். எழுத்தனைப் பார்த்தார். எழுத்தன் கூரையைப் பார்த்தான்.

"கால் வகை" என்றார் ராயர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "தீர்வை இல்லை."

இசக்கி பொதியைப் பிரித்து ஒரு சின்னத் துப்பட்டியை எடுத்து நீட்டினாள். சுங்க நாயகம் வேங்கடராயர், ஜரிகைச் சால்வையை இடுப்பில் கட்டி, அந்த முரட்டுத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு, சாவடி வாசலில் பொழுது சாயும்வரை நின்றார். சாரல் அடித்துக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு அவருக்குக் கால் மட்டும்தான் நனையவில்லை.